கசப்பு மண்டபம்

பிரிக்பீல்ட்ஸில் சோறு கிடைக்காமல் யாரும் தவித்ததாகச் சரித்திரம் இல்லை. நடந்தால் வாழையிலைக் கடை, திரும்பினால் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை, இரண்டும் பிடிக்காவிட்டால் ரோட்டோரத்தில் வடைக்காரர். இத்தனையையும் தாண்டிப் போய் அய்யாவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 'நவதீப் போஜன சபை'யின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார் என்றால், கெட்ட நேரம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

உண்மையில் தள்ளிவிட்டது அவர் மகள் வாணி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள், அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காகக் கைப்பேசியிலேயே மேசை பதிவு செய்து முகவரியையும் அனுப்பிவிட்டாள். எப்போது பார்த்தாலும் வாழையிலைதானா, ஒரு தடவை பெங்காலி சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள், ரிவ்யூ எல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்றாள். அந்த ரிவ்யூக்களை எழுதியவர்கள் வெளியே வந்து எழுதினார்களா, உள்ளே இருந்தபடி எழுதினார்களா என்று அவளும் பார்க்கவில்லை. அய்யாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அய்யாவு கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். சாலாக் செலாத்தான் வீட்டுக்கு அவர் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வருவார், உட்காருவார், மனைவி சந்திரகலா நின்றுகொண்டு பரிமாறுவாள். அவர் கை கழுவிய பிறகு அவள் அடுப்படியில் தட்டை வைத்துக்கொள்வாள். கல்யாண வீடுகளிலும் அவர் முதல் பந்தி, அவள் கடைசிப் பந்தி. வெள்ளிவிழாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் நகையும் கேட்கவில்லை, புடவையும் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து, நடுவுல யாரும் எழுந்திரிக்காம, ஒரு முழுச் சாப்பாடு சாப்பிடணும்ங்க" என்றாள். இதைக்கூடவா இத்தனை வருஷத்தில் செய்யவில்லை என்று அய்யாவு அன்றைக்கு முழுக்க மனம் குறுகிப்போனார். என்ன ஆனாலும் இதை மட்டும் நிறைவேற்றிவிடுவது என்றுதான் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி வந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் உறைத்தது வாசனை. சாப்பாட்டுக் கடையில் அடிக்க வேண்டிய வாசனை எதுவும் இல்லை. தரைக்குப் போடும் மெழுகு வாசனைதான் அடித்தது. பச்சைப் புடவை கட்டி, நெஞ்சில் பித்தளை வில்லை குத்தியிருந்த ஒரு பெண் வந்து, தன் பெயர் மாதவி, தான் மதிப்பீட்டாளர் என்றாள். மேசை எங்கேம்மா என்று அய்யாவு கேட்டதற்கு, இது உணவகம் அல்ல, சபை என்று திருத்தினாள். அவர்களை அழைத்துப்போய் உட்கார வைத்த அறையின் வாசலில் 'கசப்பு மண்டபம்' என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். சிலர் தாடி வளர்த்திருந்தார்கள்.

சபையின் செயலாளர் ஜெயராஜ் ஒரு சிறிய மேடையில் ஏறினார். செராஸ்காரர். ஏதோ ஓர் இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகா என்று சொல்லவில்லை. பேச்சைக் கேட்டால் எல்லா இலாகாவும் என்றுதான் பட்டது. வங்காளத்துக்குப் போயிருக்கிறாரா என்றால், கல்கத்தா விமான நிலையத்தில் வேறு விமானத்துக்காக ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தவர். அந்த அனுபவத்தில்தான் சபையைத் தொடங்கினார்.

"வங்காளிகள் கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிப்பவர்கள்" என்றார் ஜெயராஜ். "முதலில் கசப்பு. பிறகு பருப்பு, மீன், இறைச்சி. கடைசியில் இனிப்பு. ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றது. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கக் கூடாது. அவர்கள் வீடுகளில் இதையெல்லாம் சும்மா செய்கிறார்கள். சும்மா செய்கிற காரியத்துக்கு என்ன மதிப்பு? நாங்கள்தான் அதற்குத் தேர்வு வைத்தோம்."

தாடிக்காரர்கள் கை தட்டினார்கள். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு மண்டபம், தேறியவர்கள் அடுத்ததற்குப் போகலாம், தேறாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து மறுபடி முயலலாம் என்று மாதவி விளக்கினாள். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்துதானே போவோம் என்று அய்யாவு கேட்டார். வாய் தனித்தனி என்பதால் தேர்வும் தனித்தனி என்றாள். பெரிய இடத்தில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அய்யாவு வாயை மூடிக்கொண்டார்.

சோறு வந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் போட்ட வெளுத்த கறி. சுக்தோ என்று பெயராம். சந்திரகலா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். முகம் சுளிக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. வேறொருவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுகிற சுகத்தில் கண்ணை மூடித் திறந்தாள். மாதவி குனிந்து, கசப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"பழகுனதுதானேம்மா" என்றாள் சந்திரகலா.

மாதவியின் பேனா நின்றுவிட்டது. அவள் ஓடிப்போய் ஜெயராஜின் காதில் சொல்ல, அவர் வந்து சந்திரகலாவை ஒரு முறை பார்த்து மெல்லத் தலையசைத்தார். இப்படி ஒரு பதிலை சபை இதுவரை கேட்டதில்லை என்றார்கள்.

அய்யாவுக்கோ காலையிலிருந்து வெறும் வயிறு. ஒரு வாய் கசப்பு உள்ளே போனதும் பசி இரண்டு மடங்காகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உள் மண்டபங்களுக்குப் போகிற தள்ளுவண்டி பக்கத்தில் வந்தது. அதில் பருப்பு, கடுகு அரைத்துவிட்ட மீன் கறி, செக்கச்செவேலென்று ஆட்டுக் கறி. மாமாக் கடையில் ஆயுள் முழுக்கச் சாப்பிட்ட மனிதர் என்ன செய்வாரோ அதைத்தான் அய்யாவும் செய்தார். எட்டிக் கரண்டியை எடுத்தார். சோற்றின் மேல் எல்லாக் கறியிலும் ஒவ்வொரு கரண்டி ஊற்றி வெள்ளக்காடாக்கிவிட்டு, "இப்படிப் பஞ்சிர் போட்டாத்தான் தொண்டையில எறங்கும் போஸ்" என்று வண்டிக்காரனைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்து மேசைக்காரர் தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். எங்கோ ஒரு மணி அடித்தது. இரண்டு பேர் வந்து அய்யாவின் தட்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாதவி மட்டும் சந்திரகலாவின் தோளைத் தொட்டு, நீங்கள் பருப்பு மண்டபத்துக்கு வாருங்கள் மேடம் என்றாள்.

சந்திரகலா கணவனைப் பார்த்தாள். போகட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. "போ போ, நான் இங்க முடிச்சிட்டுப் பின்னாலேயே வந்துர்றேன்" என்றார் அய்யாவு. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பிறகு தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டார்.

பக்கத்து மேசைக்காரர் கமலநாதன், செமினிக்காரர், மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். அவர் மனைவியும் உள்ளேதான் இருக்கிறாளாம். மீன் மண்டபம்வரை போனது தெரியும், அதற்கு மேல் சேதி இல்லை. எப்போது வந்தீர்கள் என்று கேட்டதற்குத் தீபாவளிக்கு என்றார். தீபாவளி போன வாரம்தானே முடிந்தது என்றார் அய்யாவு.

"எந்தத் தீபாவளின்னு கேளுங்க அண்ணே" என்றார் கமலநாதன்.

அய்யாவு கதவைத் திரும்பிப் பார்த்தார். அது திறந்துதான் கிடந்தது. காவலுக்கும் ஆள் இல்லை. பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டார். பெண்டாட்டியை உள்ளே விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார் கமலநாதன். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அய்யாவைப் பயமுறுத்தியது.

மண்டபத்தின் பின்சுவர் கண்ணாடி. சற்று நேரத்தில் அதன் வழியாகச் சந்திரகலா மீன் மண்டபத்தில் உட்காருவது தெரிந்தது. பருப்பில் அவள் நின்ற வாக்கிலேயே தேறிவிட்டாளாம். முன்னால் இலிஷ் மீன். மயிர் மயிராக முள் உள்ள மீன் அது. அவள் விரல்கள் ஒவ்வொரு முள்ளையும் தடவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தன. மகளுக்கு, மாமியாருக்கு, புருஷனுக்கு என்று முள் எடுத்துக் கொடுத்தே பழகிய கை. இந்த முறை எடுத்தது அவள் வாய்க்கு. நான்கு மதிப்பீட்டாளர்கள் சுற்றி நின்று கை தட்டினார்கள். சந்திரகலாவுக்கு யாராவது கை தட்டி அய்யாவு பார்த்தது அதுதான் முதல் தடவை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, வாங்க என்று கையைக் காட்டினாள். இறைச்சி மண்டபத்துக்கு எழுந்து போகும்போது திரும்பவில்லை.

அய்யாவு மறுதேர்வுக்கு உட்கார்ந்தார். கண்ணில் நீர் முட்டச் சுக்தோவை எதையும் சேர்க்காமல் தின்று தீர்த்தார். இந்தக் கசப்பு உங்களுக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்று மாதவி கேட்டாள். வயிற்றுக்கு நல்லது என்றார் அவர். பயன் கருதிச் சாப்பிட்டதாக எழுதித் தேறவில்லை என்றார்கள். மறுபடி உட்கார்ந்தார். கேள்வி வருமுன்னே, பழகியதுதான் என்றார். மனைவியின் பதிலைக் காப்பியடித்ததாக அதற்கும் ஒரு கோடு போட்டார்கள். அவருக்கு முழி பிதுங்கியது. கிள்ளானில் எத்தனையோ சுங்க அதிகாரிகளைப் பார்த்தவர் அவர். அவர்களுக்காவது என்ன வேண்டும் என்று தெரியும்.

சாயங்காலம் செயலாளரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சந்திரகலா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு களை தெரிந்தது. அய்யாவு உட்காரக்கூட இல்லை.

"சார், எனக்குச் சாப்பாடே வேணாம். என் சம்சாரத்த அனுப்பிருங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடத்தான் வந்தோம்."

ஜெயராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்கள் மீது எங்களுக்கு எந்த விரோதமும் இல்லை திரு. அய்யாவு. உண்மையைச் சொன்னால், நான் இங்கே ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டால் ருசி தெரிந்துவிடும். ருசி தெரிந்தால் நடுநிலை போய்விடும். மதிப்பீட்டாளர்களுக்கும் அதே விதிதான். இந்தச் சபையில் யாருக்காவது சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரைக்கூட நாங்கள் கேட்டதில்லை. அப்படிப்பட்ட நேர்மையான இடம் இது."

பிறகு விதியைச் சொன்னார். மேடம் விரும்பினால் கணவரோடு கசப்பு மண்டபத்துக்கு இறங்கி வரலாம். தேறியது எல்லாம் ரத்தாகும். இல்லையென்றால் கணவர் வீட்டுக்குப் போகலாம், மேடம் இனிப்பு மண்டபத்துக்குப் போகலாம். இதில் சபை தலையிடாது, முடிவு முழுக்க மேடத்தின் கையில் என்றார்.

இனிப்பு என்ன இனிப்பு என்று சந்திரகலா கேட்டாள்.

"தெரியாது" என்றார் ஜெயராஜ். "உள்ளே போனவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை."

அய்யாவு மனைவியின் கையைப் பிடித்தார். எழுந்திரு போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது, வழியில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம் என்றார். சந்திரகலா கையை உதறவில்லை. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் படிவத்தோட என் படிப்ப நிறுத்திட்டாங்கங்க" என்றாள். "அதுக்கப்புறம் யாரும் என்னை எதுலயும் பாஸ்னு சொன்னதே இல்ல. இன்னைக்குத்தான் சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நீங்க வீட்டுக்குப் போங்க. சோறு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நான் முடிச்சிட்டு வந்துர்றேன்."

அவர் கத்தியிருக்கலாம், மேசையைத் தள்ளியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே. மாதவி அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். மறுபடி வர விரும்பினால் இரண்டு புதிய விருந்தினரை அழைத்து வர வேண்டும், அவர்களுக்கு விதிகள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக அவரே வாயால் உறுதி சொல்ல வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு, எங்கள் சபையை நண்பர்களுக்கும் சிபாரிசு செய்யுங்கள் என்று கும்பிட்டாள்.

சந்திரகலா அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போலீசுக்குப் போனார். உங்கள் மனைவி எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், ரெஸ்டாரண்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்றார்கள். இல்லை என்றார். அங்கிள், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாணி அழைத்து, அம்மாவிடமிருந்து சேதி வந்தது, நன்றாக இருக்கிறார்களாம், நீங்கள்தான் முறையாகச் சாப்பிடவில்லையாம், ஏன்பா அப்படி என்று வருத்தப்பட்டாள்.

லோரி ஓட்டம் முடிந்ததும் அய்யாவு தினமும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சபை வாசலில் நின்றார். யாராவது கதவருகே வந்தால் மறித்து, இங்கே வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள் என்று கெஞ்சினார். சிலர் பயந்து போய்விட்டார்கள். சிலர் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். எப்படியோ போனார்களே என்று அவருக்கு நிம்மதி. ஒருநாள் மதியம் மோட்டார் சைக்கிளில் வந்த டெலிவரி பையன் செயலாளர் ஜெயராஜ் இருக்கிறாரா என்று கேட்டான். அவன் கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். எல்லாக் கறியும் கலந்து பொட்டலத்தின் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையின் மாடி ஜன்னலில் சந்திரகலாவைப் பார்த்தார். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். நெஞ்சில் பித்தளை வில்லை. எதிரே உட்கார்ந்திருந்த யாரிடமோ குனிந்து என்னவோ கேட்டாள், பதிலைக் கேட்டுக்கொண்டாள், இல்லை என்று தலையை ஆட்டினாள். அய்யாவு கையை வீசினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தெருவைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். வரிசையில் நிற்கிறவர்களை அதிகாரிகள் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. உள்ளே போய் அவள் எதிரில் நின்றால் அடையாளம் தெரிந்துவிடும், எழுந்து வந்துவிடுவாள் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. உள்ளே போக வேண்டும். போனால் போதும்.

அப்போது இளம் தம்பதி ஒன்று கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டே வந்தது. பையன் பெயர் பிரவின், செராஸில் குடியிருக்கிறானாம். கல்யாணமாகி முதல் வருஷம் முடிகிறதாம், ரிவ்யூ பார்த்து வந்தார்களாம். அந்தப் பெண்ணின் தோள்பையை அவன் தன் தோளில் மாட்டியிருந்தான். வாசலில் நின்ற பெரியவரிடம் மரியாதையாகக் கேட்டான்.

"அங்கிள், இங்க சாப்பாடு எப்படி? நல்லா இருக்குமா?"

தினமும் சொன்ன பதில் அய்யாவின் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாணியின் வயதுதான் இருக்கும். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும் தம்பி" என்றார். "நானும் சாப்பிடத்தான் போறேன். வாங்க, என்கூடவே வாங்க."

கதவை அவரே பிடித்துக்கொண்டார். தான் செய்வது பாவம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் செய்தார். மாதவி மூவரையும் கசப்பு மண்டபத்துக்கு அழைத்துப்போனாள். கமலநாதன் தட்டிலிருந்து நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார், பின்னால் வந்த இருவரையும் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"இவங்களுக்கு எல்லா விதியும் சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டாள் மாதவி.

என்ன விதி என்பது போலப் பிரவின் சிரித்துக்கொண்டே அய்யாவின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லிட்டேன்" என்றார் அய்யாவு.

அந்தப் பெண் தன் நாற்காலியைக் கணவன் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.